வெள்ளைக்கோட்டில் நீளும் கை

நம்பாவிட்டால் போங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் ஓவர்லாக் மெஷினில் தைத்துவிட்டு வருகிறவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு ஏது? போன வெள்ளிக்கிழமை என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இடத்தை மட்டும் கேட்காதீர்கள். திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் போகும் பக்கம், அவ்வளவுதான்.

நாலுவழிச் சாலை. இந்தப் பக்கம் கம்பெனி, பள்ளிக்கூடம், டியூஷன். அந்தப் பக்கம் எங்கள் லைன் வீடு. சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்து இரண்டு வருடமாகிறது. இந்த ரோட்டைத் தாண்டுவதற்குள் தினமும் உயிர் போய்த் திரும்புகிறது.

தாண்ட வழியே இல்லையா என்பீர்கள். ஏன் இல்லை, எல்லாம் இருக்கிறது! சிக்னல் இருக்கிறது, ராப்பகலாக மஞ்சள் மட்டும் மினுக்கிக்கொண்டு. சுரங்கப்பாதை இருக்கிறது, உள்ளே முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். தூரத்தில் இரும்பு நடைமேம்பாலம் ஒன்று. எங்கள் கம்பெனிக்கு எதிரே ஜீப்ரா கோடு. அங்கே நடுத்திட்டில் ஆள் நுழையச் சந்து விட்டுவிட்டு, சைக்கிள் நுழையாதபடி கம்பி நட்டிருக்கிறார்கள். பாவம், சைக்கிள்காரர்கள் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால் லாரிக்காரன் நின்றுவிடுவானா? அதன் மேல்தான் வேகத்தைக் கூட்டுகிறான். மூன்று தடவை மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

என் மகள் மோனிஷா அஞ்சாவது படிக்கிறாள். டியூஷன் விட்டுத் தனியாக வீட்டுக்கு வருவாள். சுற்றாக இருந்தாலும் பாலத்தில் ஏறித்தான் வரவேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஓவர்டைம் முடிந்து நான் வர எட்டரை ஆகும். அவளை வீட்டில் முழுசாகப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை தைக்கத் துணி வரவில்லை. சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஜீப்ரா கோட்டுக்கு வந்தபோது மணி ஆறு ஐம்பது. இருட்டிவிட்டது. கையைக் காட்டுகிறேன், காட்டுகிறேன், எவன் நிற்கிறான்? ஒரு கார்க்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே என் சேலையை உரசிப் போனான்.

"நாசமாப் போவ!" என்று கத்தினேன். ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது... எல்லாம் நின்றது.

க்ரீச்ச்... முதலில் ஒரு தண்ணீர் லாரி. அப்புறம் டவுன் பஸ். பின்னால் பைக்குகள். எதிர்ப்பக்கமும் அப்படியே. அடேயப்பா, என்றைக்கும் இல்லாத மரியாதை! விட்டால் போதும் என்று ஓட்டமும் நடையுமாகத் தாண்டி, அந்தப் பக்கம் ஏறிவிட்டேன்.

வண்டிகள் கிளம்பவில்லை.

ஒரு ஹாரன்கூட இல்லை. பஸ் டிரைவரின் தலை மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தது. வரிசையாகப் போகும் ஆட்களைப் பார்ப்பது மாதிரி.

சாலையில் ஆளே இல்லை.

இல்லை... ஒருத்தி இருந்தாள்.

மோனிஷா.

முதுகில் புத்தகப் பை. ஓடவில்லை. வண்டிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்துக் கூட்டி வருவது போல.

அந்தக் கைக்கு முன்னால் யாரும் இல்லை.

அருகில் நின்றிருந்த லோடு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"உங்க பாப்பாங்களாக்கா? பயப்படாதீங்க. அந்த நாலு பொம்பளைங்களும் நல்லாப் புடிச்சுட்டுத்தான் வர்றாங்க."

"எந்த நாலு பேரு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மோனிஷா ஓரத்தில் கால் வைத்தாள். அடுத்த நொடி... ட்ர்ர்ர்! மொத்த வண்டியும் கிளம்பிப் பறந்தது.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

ஐஸ்.

விரலிடுக்கில் பனியன் துணியின் பஞ்சு. அவள் கம்பெனிக்குள் கால் வைத்ததே கிடையாது.

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துதான் கேட்டேன். "ஏன்டி, பாலத்துல வான்னுதானடி சொன்னேன்?"

"பாலத்தக் கயிறு கட்டி மூடிட்டாங்கம்மா. ஒரு மாசமாச்சு. நீ திட்டுவேன்னு சொல்லல."

"கையப் பிடிச்சது யாரு?"

"நாலு அக்கா. தெனமும் வருவாங்க. கடைசி அக்கா பின்னால கைய நீட்டுவாங்க. நான் பிடிச்சுக்குவேன். உடனே எல்லா வண்டியும் நின்னுரும்."

அன்று ராத்திரி நான் கண்ணை மூடவில்லை.

மறுநாள் காலையில் கோட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் குமாரசாமி அண்ணனிடம் கேட்டேன். ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அது நீங்க இங்க வர்றதுக்கு முந்திங்க. கோடே கெடையாது அப்ப. ஷிப்ட் முடிஞ்சு அஞ்சு புள்ளைங்க கையக் கோத்துட்டு ரோட்டத் தாண்டுச்சுங்க. லாரி வந்துருச்சு. கடைசீல வந்த புள்ள மட்டும் கைய உதறிட்டுப் பின்னால ஓடிருச்சுங்க. அது பொழச்சுக்கிச்சு."

"மத்த நாலு பேரு?"

"கோத்த கை கோத்தபடியே கெடந்துச்சுங்க. ஓரத்துல கெடந்த புள்ளையோட கை மட்டும்... பின்னால நீட்டுன மாதிரியே இருந்துச்சுங்க. அதுக்கப்புறந்தான் கோடு போட்டாங்க."

அந்த வரிசையில் ஒரு இடம் காலி. அங்கே என் மகள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் பர்மிஷன் சொல்லிவிட்டு, நானே மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பாலத்துக் கயிறு அவிழ்க்கப்படவில்லை. சுரங்கப்பாதையில் தண்ணீர் வற்றவில்லை. வேறு போக்கில்லாமல் அதே கோட்டில் போய் நின்றோம். அவளுடைய இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பைக்குள் நாலாவது மனு.

மணி ஆறு ஐம்பது. கையைக் காட்டினேன். நிற்கவில்லை.

ஏழு. நிற்கவில்லை.

ஏழு பத்து. "ஒரு புள்ளையோட நிக்கிறேன், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். ஒருவனும் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

மோனிஷா என் விரலைச் சுரண்டினாள்.

"அம்மா... நீ கைய விடு. அப்பத்தான் நிக்கும்."

குனிந்து பார்த்தேன்.

அவளுடைய வலது கை ஏற்கெனவே முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன.

நான் விடவில்லை.

அந்தப் பக்கமும் விடவில்லை...