லோகாம்பாள் மனப்பாடம் செய்த பட்டியல்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் "ஆஸ்பத்திரி வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கப் போனால் எனக்கு வாய் வலிக்கும், கேட்கிறவருக்குக் கொட்டாவி வரும். மனநோய் வந்தவர்களுக்கு ஞாபகமும் கவனமும் காலம் போகப் போகக் குறைகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா என்று சென்னையில் டாக்டர் ரேவதி ஓர் ஆராய்ச்சி செய்கிறார். இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் நூறு பேர், மனச்சிதைவு உள்ளவர்கள் நூறு பேர். எட்டு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை, அவர்கள் வீட்டுக்கே போய்ச் சோதிக்க வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் முழுக்க என் தலையில். என் பெயர் ஏஞ்சல். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

பிள்ளையார்பாளையத்து லோகாம்பாள் அக்காவை இந்த வேலையில்தான் பார்த்தேன். நாற்பத்து நான்கு வயது, ஐந்தாவது வரை படிப்பு. பத்தொன்பதில் கலியாணசுந்தரத்தைக் கட்டிக்கொண்டு வந்து, மறு வாரமே தறியில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடு உடலுக்கு நெசவாளி, குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடாவை எறிவார், ஒரு பக்கத்துக் கரைக்கு மட்டும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட வேண்டும். இருபத்தொரு வருடம் அந்தக் கரை நாடா அக்காவின் கையில்தான் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. "சண்டை போட்டாலும் பக்கத்துலதான வந்து உக்காரணும். எவ்ளோ நேரம் மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்க முடியும், சொல்லு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

நான்கு வருடம் முன்பு இருமுனைக் கோளாறு வந்தது. மூன்று நாள் தூங்கவே இல்லையாம். நான்காம் நாள் காலையில், பாதி நெய்திருந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து, கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாவுக்குப் போர்த்திவிட்டு வந்துவிட்டார். சேலை முதலாளியுடையது. தெருவே கூடிவிட்டது. மாத்திரையில் நோய் அடங்கியது, கலியாணசுந்தரத்தின் பயம் அடங்கவில்லை. வலப்பக்கத்தில் தன் அக்கா இந்திராணியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். லோகாம்பாளுக்குச் சுவரோரம் ராட்டையில் தார் சுற்றி, நாடாவுக்கு நூல் தயார் செய்கிற வேலை. "மண்டை சரியா இருக்குதுன்னு ஆஸ்பத்திரில எழுதி வாங்கினு வா, அப்புறம் உக்காரு" என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்துக்காகத்தான் அக்கா எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தார். எனக்கு அது அப்போது தெரியாது. எதற்காகச் சேர்கிறீர்கள் என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியும் கிடையாது.

நான் போனால் தறியை நிறுத்த வேண்டும், அந்தச் சத்தத்தில் சோதிக்க முடியாது. கலியாணசுந்தரம் டீ குடிக்கப் போய்விடுவார். இந்திராணியம்மா முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போவார். முதல் தடவை பதினைந்து வார்த்தைகளை வாசித்தேன். குடை, ஆறு, செங்கல், மாமா, பூட்டு என்று ஒன்றோடொன்று ஒட்டாத வார்த்தைகள். ஐந்து தடவை வாசித்து, ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தடவை பதினான்கு சொன்னார். அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டபோது ஐந்துதான் வந்தது. அவர் முகம் சுண்டிப்போனது.

"ஃபெயிலாமா?"

"இதுல பாஸ், ஃபெயில்லாம் கிடையாதுக்கா."

"மறுபடி எப்ப வருவ? இதே வார்த்தைங்களதான் கேப்பியா?"

நான் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். திருப்புட்குழியில் அடுத்த ஆள் காத்திருந்தார், பஸ்ஸை விட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். "ஆமாக்கா, எட்டு மாசம் கழிச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

ஒவ்வொரு தடவையும் பட்டியல் வேறு. எனக்கு அது நன்றாகவே தெரியும். அவர் கேட்டதைக் காதில் வாங்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். வருடக்கணக்காகச் செய்கிற வேலையில் வாய் தானாகவே பதில் சொல்லப் பழகிவிடுகிறது.

எட்டு மாதம் கழித்துப் போனபோது அக்கா உடம்பு ஊதியிருந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரம் பிடித்தது. மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் புதுப் பட்டியலை வாசித்தேன். படகு, கம்பளி, சுண்ணாம்பு என்று போகும். முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "குடை, ஆறு, செங்கல், மாமா, பூட்டு" என்று ஆரம்பித்தார். பதினான்கையும் வரிசை மாறாமல் சொன்னார். நான் வாசித்ததில் ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணு மட்டும் கெடைக்கவே இல்லமா. எட்டு மாசமா தேடுறேன்" என்றார்.

அது 'பாலம்'. விதிப்படி நான் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஐந்து தடவை புதுப் பட்டியலை வாசித்தேன், ஐந்து தடவையும் அதே பதினான்கு வந்தது. அப்புறம்தான் தாங்காமல், "இது வேற பட்டியல்க்கா" என்றேன்.

"வேறயா" என்றார்.

விடைத்தாளில் 'சரியானவை' என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். 'பட்டியலில் இல்லாதவை' என்ற கட்டத்தில் பதினான்கு. கம்ப்யூட்டரில் ஏற்றினால் இந்த அம்மாவின் ஞாபகம் எட்டே மாதத்தில் பாழாகிவிட்டது என்று சொல்லும். எனக்கு நேற்றுப் படித்த சர்க்குலர் இன்று ஞாபகம் இருக்காது.

"எப்படிக்கா இத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

"தார் சுத்தும்போது சொல்லிக்கினே இருப்பேன். சமைக்கும்போது, படுக்கும்போது. அன்னிக்கு மறந்ததுங்கல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வந்துச்சு. அதக் கேட்டுதான் அவரு பயந்துட்டாரு. தனியா பேசிக்கினு இருக்கா, சொன்னதையே சொல்றான்னு ஆஸ்பத்திரில போய்ச் சொல்லிட்டாரு. இன்னாமா பேசுறன்னு டாக்டரும் கேட்டாரு."

"சொல்லியிருக்க வேண்டியதுதானேக்கா?"

"பரீட்சைக் கேள்வியை வெளியில சொன்னா எம்பேரை எடுத்துடுவீங்கல்ல?"

அதனால் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஐந்து மாதமாக அந்த மாத்திரை உள்ளே போகிறது. எனக்கு முதலில் கோபம் வந்தது, யார் மேல் என்று தேடினேன். டாக்டர் கேட்டிருக்கிறார். புருஷன் பயந்திருக்கிறார். மிச்சம் இருந்தது நான்தான்.

தெருவில் நின்று டாக்டர் ரேவதிக்குப் போன் போட்டேன். "மார்க்கை மாத்த முடியாது ஏஞ்சல். நடந்ததைக் குறிப்புல எழுது. அவங்க சம்மதிச்சா அந்த டாக்டருக்கு இன்னிக்கே நான் பேசுறேன், மாத்திரையைக் குறைக்கலாம். நடுக்கம் குறைய வாய்ப்பிருக்கு" என்றார். மண்டை சரியாக இருக்கிறது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஆராய்ச்சியில் யாருக்கும் சான்று தருவதில்லை, அது படிவத்திலேயே இருக்கிறது. தெரிந்தேதான் கேட்டேன்.

டீ குடித்துவிட்டு வந்த கலியாணசுந்தரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், நான் சொன்ன பொய், அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை, எதையும் விடவில்லை. அவர் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார்.

"அப்ப அது நோவு இல்லியா?"

"இல்லண்ணா. என் தப்பு."

"மறுபடி ஏறுதுன்னு நெனச்சிட்டேன்மா" என்றார். பிறகு தறியில் வந்து உட்கார்ந்துவிட்ட இந்திராணியம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் எழுந்துக்கோ" என்றார். சுவரோரம் பார்த்து, "வா லோகா. வந்து உக்காரு" என்றார். காகிதம் எதுவும் கேட்கவில்லை.

லோகாம்பாள் அக்கா எழுந்து போய் வலப்பக்கம் உட்கார்ந்தார். கலியாணசுந்தரம் மிதிபலகையை மிதித்து நாடாவை எறிந்தார். அக்கா கரை நாடாவை எடுத்துப் போட்டார். கை நடுங்கி நாடா பாவு நூலில் இடித்தது, இரண்டு இழை அறுந்தது. "மெதுவாப் போடு, அவசரம் இல்ல" என்று அவர் காத்திருந்தார். மறுபடி இடித்தது. மூன்றாவது தடவை அக்கா நாடாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து ராட்டைக்கே போய்விட்டார். இந்திராணியம்மா குனிந்து அறுந்த இழைகளைப் பிணைத்தார்.

நான் ராட்டை அருகில் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரையைக் குறைத்தால் நடுக்கம் போய்விடும், இரண்டு மூன்று மாதம் பொறுங்கள் என்றேன்.

"கை கெடக்குது வுடுமா. இம்மா நாளா அந்த எடத்துல உக்காந்தா எப்படி இருக்கும்னு நெனச்சிக்கினே இருந்தேன். இப்ப உக்காந்தேன் இல்ல, ஒண்ணுமே தோணல. சந்தோசமும் வரல, அழுகையும் வரல" என்றார். ராட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே கேட்டார். "இதுக்கு எதனா டெஸ்ட் வச்சிருக்கியாமா?"

"இல்லக்கா" என்றேன்.