அத்தான் அறிவிக்க மறுத்த செய்தி

என் அக்காவின் கணவரைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் இருக்கலாம். கேட்காதவர்கள் இருக்க முடியாது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு இல்லை என்று ஒலிபெருக்கியில் சொல்பவர் அவர்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடி அறை, இரண்டு திரைகள், ஒரு மைக், காலை நீட்டவே முடியாத ஒரு மேசை. பகல் முழுக்க அங்கே பேசித் தீர்த்துவிடுவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். “இவர் பேசிக் கேக்கணும்னா நான் டிக்கெட் வாங்கிட்டுப் போய் நிலையத்துலதான் உக்காரணும்” என்பாள் அக்கா.

சபையிலும் அவருக்குப் பெரிய பொறுப்பு கிடையாது. ஆராதனைக்கு முன்னால் நாற்காலி போடுவார், முடிந்ததும் எடுத்து அடுக்குவார். ஆனால் வேலை போனவன், காதல் முறிந்தவள், பரீட்சையில் கோட்டைவிட்டவன் எல்லாரும் கடைசியில் அவர் நாற்காலி அடுக்கும் இடத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள். அவர் புத்தி சொல்ல மாட்டார். “அப்புறம்?” என்று மட்டும் கேட்பார். வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கொட்டிவிட்டு, முகம் தெளிந்து போவார்கள்.

போதகர் வாலிபர்களுக்குத் தலைமைத்துவ முகாம் நடத்தத் தீர்மானித்தபோது அத்தானைத் துணைக்குக் கூப்பிட்டதற்குக் காரணம் இது இல்லை. “உங்க குரல் ஒண்ணு போதும் பிரதர். மைக்கே வேண்டாம்” என்றார். அத்தானும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஏரிக்கரையில், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த விடுதிப் பள்ளி ஒன்றில் முகாம். வகுப்பறைகளில் பாடம், படுக்கை அறைகளில் இரும்புக் கட்டில்கள், சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமான மேசைகள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நானும் போயிருந்தேன். அத்தான் பொறுப்பில் இருந்த குழுவில்தான் என்னைப் போட்டார்கள். அதே குழுவில் போதகரின் மகனும் இருந்தான். அவனைச் ‘சின்ன ஐயா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் என்பது ஊரறிந்த விஷயம். நன்றாகப் பாடுவான், அழகாக ஜெபிப்பான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத பிள்ளை.

இரண்டாம் நாள் ஒரு பயிற்சி. குழுவில் ஒருவர் முன்னால் நடந்து, மற்றவர்களை ஏரியைச் சுற்றிக் கூட்டிவர வேண்டும். குழுவின் பொறுப்பாளர் கடைசி ஆளாக வரலாம். ஆனால் வாய் திறக்கக்கூடாது. அப்படித்தான் போதகர் விதி வைத்திருந்தார். எங்களுக்குள் யார் முன்னால் போவது என்ற பேச்சே எழவில்லை. சின்ன ஐயா நடந்தான், நாங்கள் பின்னால் போனோம்.

பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கரையோரப் பாதை மூடியிருக்கிறது, மேட்டுப் பாதையில் போகவும் என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். சின்ன ஐயா ஏதோ யோசனையில் அதைத் தாண்டிக் கரையோரமாகவே போய்விட்டான். நான் பலகையைப் பார்த்தேன். எல்லாருமே பார்த்தோம். ஒருவரும் மூச்சு விடவில்லை. கொஞ்ச தூரத்தில் நாணல் காடு, அதைத் தாண்டினால் சேறு. முழங்கால்வரை இறங்கிய பிறகுதான் நின்றோம். நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எங்களோடு இருந்தாள். எதையும் சுருக்கென்று கேட்டுவிடுவதால் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர். அவளுடைய ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது, கணுக்காலும் பிசகிவிட்டது.

திரும்பி வந்து முற்றத்துக் குழாயடியில் ஆளாளுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தோம். முதலில் சிரிப்புத்தான். பிறகு சின்ன ஐயா கேட்டான்: “பலகையைப் பாத்தீங்கல்ல? ஏன் யாரும் சொல்லல?”

“நீ போறப்போ சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்” என்றான் ஒருவன்.

“எனக்கே தெரியாது. ஏதோ நெனப்புல போயிட்டேன்.”

“அதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம்” என்றாள் ஊசி, வீங்கிய காலைத் தண்ணீரில் காட்டியபடி.

அத்தான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நானும் பாத்தேன். பேசக்கூடாதுங்கிற விதியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். தப்புதாம்மா” என்றார். வேறு எந்தப் பொறுப்பாளரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாரும் போன பிறகு சின்ன ஐயா மட்டும் குழாயடியில் நின்றுவிட்டான். அப்போது நடந்ததைப் பின்னால் அவனே எனக்குச் சொன்னான். அத்தான் சேறு பிடித்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். இவனும் ஒரு செருப்பை எடுத்துத் தேய்த்தான்.

“அண்ணா, நான் போதகராகப் போறேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

“அப்புறம்?”

“கடவுளை விட்டுட்டேன்னு இல்ல. ஆனா அப்பா பேசுறதை அப்படியே திருப்பிச் சொல்றேனோன்னு பயமா இருக்கு. எல்லாரும் என் பின்னாடி வர்றாங்க. நான் எங்க போறேன்னு எனக்கே தெரியல.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“அவர் மனசு உடைஞ்சிடும்.”

அத்தான் அடுத்த செருப்பை எடுத்துக்கொண்டார். “உடையுமோ உடையாதோ. அதையும் அவரேதான் சொல்லணும். நான் யார்கிட்டயும் இதைச் சொல்ல மாட்டேன்” என்றாராம். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நான் தட்டுகள் வைத்துக்கொண்டிருந்தேன். போதகர் மலர்ந்த முகத்தோடு அத்தானிடம் வந்தார். “பிரதர், நிறைவுக் கூட்டத்துல ஒரு முக்கியமான அறிவிப்பு. நம்ம தம்பியை இறையியல் கல்லூரிக்கு அனுப்புறோம். அதை உங்க குரல்லதான் சொல்லணும். அப்புறம் எல்லாரும் அவன் மேல கை வெச்சு ஜெபிக்கலாம். அவனுக்கும் ஆச்சரியமா இருக்கட்டும்.”

அத்தான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். “ஐயா, இதை நான் அறிவிக்க மாட்டேன்.”

போதகருக்குப் புரியவில்லை. “ஏன் பிரதர்?”

“தம்பிகிட்ட ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு அவரே சொல்லட்டும்.”

“அவன் உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?”

“அதை நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்.”

போதகரின் முகம் சிவந்தது. “பிரதர், என் மகனை எனக்குத் தெரியாதா? நீங்க உதவிக்குத்தான் வந்திருக்கீங்க பிரதர்.” கோபம் ஏற ஏற அவருக்குப் பிரதர் கூடும்.

“உதவிக்குத்தான்யா வந்தேன். நிலையத்துல ஒரு வண்டி கிளம்பிடுச்சான்னு தெரியாம வருதுன்னு சொல்ல மாட்டேன். நம்பி நிக்கிறவங்க வேற வண்டியையும் விட்டுடுவாங்க. கோச்சுக்காதீங்க.”

“அப்போ நிறைவுக் கூட்டத்தை வேற யாராவது பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போதகர் வெளியே போனார். அத்தான் அசடு வழிய என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். ஊரையே கட்டிப்போடும் குரல் கரிபிடித்த சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சின்ன ஐயாவைத் தேடிப் போய், “எங்க அத்தானைக் கூட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. உன்னை இறையியல் கல்லூரிக்கு அனுப்புறதை அறிவிக்க மாட்டேன்னுட்டார்” என்று சொன்னேன். ஏன் மறுத்தார் என்று எனக்குத் தெரியாது. அவன் முகம் வெளுத்தது. நேராக அப்பாவைத் தேடிப் போனான்.

அப்பாவும் மகனும் ஏரிப் படகுத்துறையில் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். குரல் கேட்கவில்லை. போதகர் கையை வீசிப் பேசினார். பிறகு வீசுவதை நிறுத்தினார். மகன் பேசினான், நிறையப் பேசினான். கடைசியில் இருவரும் துறையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடித்தும் வரவில்லை. கூட்டம் பிந்தியே தொடங்கியது.

போதகர் முன்னால் வந்து நின்றார். எப்போதும் கணீரென்று தொடங்குபவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்னிக்கு ஒரு சந்தோஷ அறிவிப்பு வெச்சிருந்தேன். அது என் சந்தோஷம் மட்டும்தான்னு இப்பத்தான் தெரிஞ்சுது. உங்களுக்கெல்லாம் தலைமையைப் பத்திப் பாடம் எடுத்தேன். என் வீட்டுப் பிள்ளைகிட்ட நான் ஒரு கேள்வி கேட்டதில்ல. எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தது சின்ன ஐயாதான். பிறகு ஊசி நொண்டிக்கொண்டே போனாள். பிறகு நாங்கள் எல்லாரும்.

எல்லாம் அன்றே சுமுகமாகிவிட்டது என்று சொன்னால் பொய். போதகர் அத்தானோடு பல வாரங்கள் அளந்துதான் பேசினார். அக்காவுக்குத்தான் ஆற்றாமை. “ஊர் வம்பை விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கார்” என்று புலம்புவாள். அடுத்த வரியிலேயே, “ஆனா செஞ்சது சரிதான்” என்றும் அவளேதான் சொல்வாள்.

ஒரு மதியம் போதகர் பேருந்து நிலையத்துக்கே வந்தார். கண்ணாடி அறைக்குள் இருந்த ஒரே முக்காலியில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். “அன்னிக்கு நான்…” என்று தொடங்கினார். “ஒரு நிமிஷம்யா” என்று அத்தான் மைக்கைத் திறந்து, துறைமுகம் போகும் வண்டி மூன்றாம் நடைமேடையில் நிற்கிறது என்றார். “அன்னிக்கு நான் கோவத்துல…” என்றார் போதகர். மருத்துவமனை போகும் வண்டி தாமதம் என்றார் அத்தான். மூன்றாவது முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். போகும்போது, “அடுத்த முகாமை நீங்களே நடத்திக் கொடுங்க” என்றார்.

“நடத்த ஆள் இருக்குய்யா. நான் கூட நிக்கிறேன்” என்றார் அத்தான்.

அப்படித்தான் மறுவருடம் ஊசி முன்னால் நின்றாள். அத்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவள் தடுமாறும்போதெல்லாம் “அப்புறம்?” என்பதுபோல் புருவத்தை உயர்த்துவார், அவளும் பிடித்துக்கொண்டு மேலே போவாள். சின்ன ஐயா இப்போது படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். சபைக்கு வருகிறான், பாடுகிறான். போதகர் ஆவானா என்று யாராவது கேட்டால், “இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கான்” என்று அவன் அப்பாவே பதில் சொல்லிவிடுகிறார்.