என் மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்த கைகள்

ஆண்டவருடைய மக்களே, உங்கள்முன் நான் வைக்கும் இச்சாட்சியில் மகிழ்ச்சியைவிடத் துக்கமே மிகுதி. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலைத் திருப்பலி முடியும் வேளையில் என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கோவில் வாசலுக்கு வந்து எடுத்தேன். மலையாளம் கலந்த ஓர் ஆண்குரல், "ஜெசிந்தாவோட அப்பச்சன் தன்னே?" என்று, ஜெசிந்தாவின் தகப்பன்தானா எனக் கேட்டது. அக்குரல் எதைச் சொல்லப்போகிறது என்று எனக்குத் தெரியும் என்றே எண்ணினேன். முதல்நாள் நான் செய்த காரியம் அத்தகையது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உத்தமபாளையத்துக்கு அருகே இரண்டு ஏக்கரில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். திருப்பலியில் வாசகம் வாசித்து வாசித்தே எழுத்துத் தமிழைக் கற்றேன். ஜெசிந்தா எங்களுக்கு ஒரே மகள். கொச்சியில் ஒரு கம்பெனியில் பணிபுரிகிறாள். பதினான்கு வயதில் அவளுக்கு வலிப்பு கண்டது. மருந்தில் அடங்கிற்று. மருத்துவர் சொற்படி மாத்திரையை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயைப் பற்றி உறவினர் எவரிடமும் நாங்கள் வாய் திறந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் அழைத்தாள். அலுவலகத்தார் சிலர் சேர்ந்து கேரளக் கடற்கரை ஒன்றில் அலைச்சறுக்குக் கற்கப் போகிறார்களாம். பலகையில் நின்று அலைமேல் சறுக்கி வரும் விளையாட்டு அது.

"காலம்பூரா பந்தலுக்கு அடியில குனிஞ்சு நடந்த புள்ளப்பா நானு. பலகையில நிமுந்து நிக்க முடியுதான்னு பாப்போம்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பாரம் குடுத்திருக்காக. வலிப்பு, ஆஸ்துமா, இருதய நோய் உண்டான்னு கேட்டிருக்காக. என்ன எழுதட்டும்?"

அப்போது அவளுக்குத் தேனியில் ஒரு காய்கறி மண்டிக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் அவளோடு அதே அலுவலகத்தில் பணிபுரிபவன். அந்தக் குழுவில் அவனும் இருந்தான். பாரத்தை அவன் பார்த்துவிட்டால்?

"இல்லேன்னு எழுதும்மா. அதுதான் சரியாப் போச்சுல்ல" என்றேன்.

அவள், "சரிப்பா. அவசரத்துக்குக் கூப்புட உங்க நம்பரக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மனைவி ஆரோக்கியமேரி அருகில் நின்று கேட்டிருக்கிறாள். "கடலுக்குள்ள போற புள்ளைக்கிப் பொய் சொல்லிக் குடுக்குறீகளே. உங்க தம்பிய மறந்துட்டீகளா?" என்றாள்.

மறக்கவில்லை. என் தம்பி சூசை பத்தொன்பது வயதில் இறந்தான். வாய்க்காலில் வழுக்கி விழுந்து இறந்ததாகவே ஊரார் அறிவர். அது பொய். வாய்க்காலில் கால் கழுவும்போது அவனுக்கு வலிப்பு வந்தது. முகம் குப்புற விழுந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். உடனிருந்தவன் நான் ஒருவனே. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுக்க ஓடினேன். திரும்பி வந்து அவன் கையில் இரும்பைத் திணித்தபோது அந்தக் கை அசையவில்லை. வீட்டில் இன்னும் கல்யாணமாகாத தங்கைகள் இருந்தார்கள். வழுக்கி விழுந்தான் என்று சொன்னோம். முப்பத்தெட்டு ஆண்டுகள் அப்படியே சொன்னோம்.

இத்தனையும் அறிந்த நானே என் மகளிடம் "இல்லை" என்று எழுதச் சொன்னேன்.

ஞாயிறு விடிந்ததும் அவளை அழைத்தேன். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. பயிற்சியின்போது எல்லாருடைய கைப்பேசிகளையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். என்னிடம் வேறு எண் இல்லை. கோவிலுக்குச் சென்று முழந்தாளிட்டேன். குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் நான் செய்த செபம் இது: "ஆண்டவரே, நான் மூடியதை நீரே திறந்துவிடும். என் மானம் போகட்டும். பிள்ளை இருக்கட்டும்." இதற்குமேல் சொல்ல எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. அழுதேன்.

இனி, கைப்பேசியில் அந்தக் குரல் சொன்னதைக் கூறுகிறேன். அவர் பெயர் ஷாஜி. மீனவக் குடும்பத்தில் பிறந்த பயிற்சியாளர்.

"பேடிக்கண்டா அப்பச்சா, மோளுக்கு ஜீவனுண்டு. ஆசுபத்திரியில கொண்டுவந்தாச்சு" என்று முதலில் சொன்னார். பயப்பட வேண்டாம், மகள் உயிரோடு இருக்கிறாள் என்பதே அதன் பொருள். என் உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

நாங்கள் குமுளி வழியாகப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நடந்ததை ஷாஜி விளக்கினார். "பேப்பர்ல எல்லாரும் ஒண்ணும் இல்லேன்னுதான் எழுதும் அப்பச்சா. அதுகொண்டு கடல்ல எறங்கும் முன்ன ஒவ்வொருத்தரையும் தனியா விளிச்சு, இன்னொரு தடவ கேக்கும். மத்தவருக்குத் தெரியாது." அவர் அப்படித் தனியே கேட்டபோது என் மகள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். இரவெல்லாம் காரில் உறங்காமல் வந்ததையும் சொல்லியிருக்கிறாள். அன்று அவளைக் கடலில் இறக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். பலகையை மணலில் வைத்து எழுந்து நிற்கப் பழகச் சொன்னார். கரைக்காவலுக்கு இருந்த லிஸி என்னும் பெண்மணியிடம், இவளைவிட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு கடலில் இறங்கினார்.

அரைமணி நேரத்தில் வலிப்பு வந்தது. கால் நனைக்கப் போன இடத்தில், கணுக்கால் அளவு தண்ணீரில், முகம் குப்புற விழுந்தாள். லிஸி ஊதலை ஊதியபடி ஓடி, அடுத்த அலை வருமுன் அவளை மணலுக்கு இழுத்துவிட்டார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த நீரை வடியவிட்டார். ஊதல் கேட்டதும் ஷாஜி எல்லாரையும் கரையேற்றினார். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் கார்ச்சாவியோடு ஓடிவந்து அவள் கையில் வைக்கப்போனானாம்.

"சாவி வேண்டா மோனே. அதுகொண்டு வண்டிய எடு" என்று லிஸி அதட்டியிருக்கிறார். "எங்க வண்டி ரெடியா நிக்குன்னு. நீ தலையப் பிடிச்சா போதும்" என்று ஷாஜி திருத்தினாராம். அவர்களுடைய வாகனம் எப்போதும் சாலையைப் பார்த்து நிறுத்தப்பட்டிருக்கும். பிராணவாயு உருளையும் அதில் உண்டு. நான்கு நிமிடங்களில் வலிப்பு நின்றதை லிஸி கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அந்தச் சீட்டை மருத்துவர் கேட்டு வாங்கினார்.

அலைகளுக்கு அப்பால் அந்நேரம் அவள் பலகைமேல் இருந்திருந்தால் என்று நான் நினைக்க முயன்று, பலமுறை முடியாமல் விட்டிருக்கிறேன்.

ஏன் உண்மையைச் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். "அவக கேட்ட விதத்துல பொய் வரலப்பா" என்றாள். என் செபத்தை ஆண்டவர் கேட்டார் என்று அப்போது அறிந்தேன்.

மருத்துவமனையிலேயே சூசையைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். "சித்தப்பா வழுக்கி விழுந்தாருன்னுதானே சொன்னீக?" என்றாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நானே தேனிக்குச் சென்று மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் கூறினேன். மாப்பிள்ளையின் தாயார் காப்பி கொடுத்தார். "வியாதியக்கூட விடுங்கண்ணே. இன்னும் என்னென்ன மறைச்சிருக்காகளோன்னு வீட்டுல பேசிக்கிடுறாக" என்றார். சம்பந்தம் நின்றது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஜெசிந்தா மூன்று நாள் சாப்பிடவில்லை.

இப்போது அக்கம்பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் வலிப்பு வந்தவரை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று காட்டுகிறோம். பாயில் படுப்பவன் நான்தான். "ஏலே, மெதுவாப் பொரட்டுங்க. ஒடஞ்சா ஒட்டவைக்க ஆளு இல்ல" என்று ஆரோக்கியமேரி சொல்ல, எல்லாரும் சிரிக்கிறார்கள். கூட்டம் கலைந்தபின் இரண்டு வீட்டார் தனித்தனியே வந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்று சொன்னார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு நோய் இருக்குமானால், பிள்ளை தண்ணீரில் இறங்குமுன் உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு செபியுங்கள். ஆண்டவர் கேட்பார். நான் சாட்சி.

ஜெசிந்தா மறுபடி மாத்திரை சாப்பிடுகிறாள். நலமாக இருக்கிறாள். வாரந்தோறும் பேசுகிறாள். ஆனால் நான் எதைக் குறித்து "ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னாலும், "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்று சொல்லி, அதையே தாயிடம் மறுபடி கேட்கிறாள். நான் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குள் போய்விடுகிறேன். இதற்காகவும் செபித்து வருகிறேன். இது இன்னும் கேட்கப்படவில்லை. என்னோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.