அகல டயர்

என் அக்காவின் கணவரை வாடகைக் கார் நிறுத்தத்தில் எல்லோரும் ‘சொட்டு’ என்பார்கள். ஒரு சொட்டு பெட்ரோல் வீணானாலும் அத்தானுக்குப் பொறுக்காது. சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுவார். காற்றிறங்கிய டயரைக் கண்டால், அது யார் காராக இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர், தன் காரின் டயர்கள் தேய்ந்து மொட்டையானதும், பெரிய வண்டிகளுக்குப் போடுகிற அகல டயர்களை வாங்கி மாட்டிக்கொண்டார். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள டயர் அளவைத் தாண்டாதே என்று கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. காலமெல்லாம் சிக்கனமாக ஓட்டிய மனிதருக்கு ஒரு தடவையாவது கம்பீரமாக ஓட்ட ஆசை.

நான் பல தேசம் சுற்றிவிட்டு வீடு திரும்பியது அந்தச் சமயத்தில்தான். அம்மாவுக்கு முழங்கால் சிகிச்சை. வாராவாரம் அத்தான்தான் கூட்டிப்போவார். நானும் ஏறிக்கொண்டேன். மருத்துவமனைக்கு ஏறும் வளைவில், அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்து டயர், அதற்கு மேலுள்ள தகட்டில் உரசிக் கரகரத்தது. ரப்பர் கருகும் நாற்றம். அத்தான் ஓரங்கட்டி, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அத்தை, இந்த மேடு வரைக்கும் கொஞ்சம் இறங்கி நடந்துடறீங்களா?”

அம்மாவுக்குக் கனத்த உடம்பு. ஏனென்று கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி மேடேறினாள்.

மறுவாரம் கால் தேவலை, வரவில்லை என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். அத்தானுக்குக் காரணம் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. புது டயர் பெட்ரோலையும் கூடுதலாகக் குடித்தது. நிறுத்தத்தில் மைலேஜ் பேச்சு எழுந்தால் தண்ணீர் குடிக்க நழுவிவிடுகிறாராம், அக்கா சொன்னாள்.

ஒருநாள் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்தவர், என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே டயர் கடைக்குப் போனார்.

“என்ன சொட்டு, டிராக்டர் டயர் வந்திருக்கு, பாக்கறியா?” என்றார் கடைக்காரர்.

அத்தான் சிரிக்கவில்லை. கதவோர அளவையே சொன்னார். இலேசாக உருண்டு பெட்ரோலை மிச்சமாக்கும் ரகமாகக் கேட்டார். மாட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து அம்மாவின் எதிரே நின்றார்.

“உங்க வெயிட்டு இல்ல அத்தை. நான்தான் தப்பான டயர் போட்டுட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அம்மா வந்து காரில் ஏறினாள். மேட்டு வளைவில் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டோம். ஒரு சத்தமும் இல்லை.

“அப்ப நான் இத்தனை நாள் பட்டினி கெடந்தது, மாப்பிள்ளை?”

அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்க்கவே இல்லை. அடுத்த சிக்னலில் இன்ஜினை அணைக்கவும் மறந்துபோனார்.