தலையில் வைத்த கை

தீவில் குடியேறிய புதிதில் எனக்கு வலது கையில் ஒரு வலி வந்தது. கழுத்தடியில் தொடங்கி, தோள் வழியாகக் கட்டைவிரல் வரை சுரீரென்று இறங்கும். விரல்கள் மரத்துப்போகும். வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். வலி அசைந்து கொடுக்கவில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அடங்கியது. கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் உடனே நிம்மதி. ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கடல்தொழில். புருஷன் கடலில் இருக்கும்போது தலையில் கை வைத்து உட்கார்ந்தால் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? பார்த்ததுமே மாமியார் கத்தினார்.

"ஏட்டி, எம்புள்ள கடல்ல கெடக்கான். எழவு விழுந்தவ மாதிரி இருக்கியே, எடு கைய!"

அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. கூனிக் குறுகிப்போனேன். அதன்பின் அடுப்படியில் ஒளிந்துதான் கையைத் தலையில் வைப்பேன், திருடித் தின்பவளைப்போல.

ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர், "ஆராம் கப் மில்தா ஹை?" என்று இந்தியில் கேட்டார். எப்போது குறைகிறதாம். பக்கத்தில் மாமியார். "கபி நஹி", குறைவதே இல்லை என்றேன். கைக்குத் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு மீன் அறுக்கும்போது கத்தி தானாக நழுவ ஆரம்பித்தது. கை போனால் பிழைப்பு போச்சு. மறுபடி போனோம். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கையைத் தலையில் வைத்தே காட்டிவிட்டேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. டாக்டர் என் கழுத்தைத் திருப்பி, சாய்த்துப் பார்த்தார். கோளாறு கையில் இல்லையாம். கழுத்தெலும்புக்குள் நரம்பு நசுங்குகிறதாம். மீன் கூடையைத் தலையில் சுமந்தது அதை முற்றவிட்டிருக்கும் என்றார். இனி தலைச்சுமை கூடாது, கழுத்துப்பட்டை போடு, மாத்திரை சாப்பிடு, பெரும்பாலும் ஆறிவிடும். விரலில் பலம் குறைந்துகொண்டே போனால் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன். அதுவரை வலித்தால் கையைத் தாராளமாகத் தலையில் வை என்றார். பக்கத்திலிருந்த மாமியாருக்கும் இந்தி நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தோணிகள் வரத் தாமதம். பெண்களெல்லாம் கரையில் கூடிவிட்டோம். கழுத்துப்பட்டையோடு நிற்பதே எனக்கு மானக்கேடாக இருந்தது. வலி பிடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தொங்கவிட்டிருந்தேன். மாமியார் கிட்டே வந்தார். என் கையைப் பிடித்துத் தூக்கி, அத்தனை பேர் பார்க்க, என் தலைமேல் வைத்தார்.

"வலிய அடக்கி யாருக்கு நேர்ச்ச? வையிட்டி."

சொல்லிவிட்டுக் கடலையே பார்த்தபடி நின்றார். என் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.