மூன்றாம் உத்தரத்துக்கான பாணி

தொலைபேசி அடித்தபோது காலை ஆறரை மணி. வான் வண்டிக்குள் படுத்திருந்த தவரத்தினம் அத்தான், என் அக்கா பூரணியின் கணவர், அது மருத்துவமனை என்றுதான் நினைத்தார். மகனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது, உடனே கூட்டி வாருங்கள் என்ற அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மரக்காணிக்குள் அலை எடுக்காது. அதனால் வீட்டாரின் தொலைபேசிகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, தார்வீதி ஓரம் நிறுத்திய வானில் அவர் படுப்பார். நாங்கள் உள்ளே தகரக் கொட்டிலில் இருப்போம்.

அழைத்தது மருத்துவமனை அல்ல. ரொறன்ரோவிலிருந்து அவருடைய அண்ணி சிவனேஸ்வரி. அண்ணன் தம்பிராசா நெஞ்சு நோ என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தவர், அம்புலன்ஸ் வருமுன்பே போய்விட்டார்.

"எப்ப வெளிக்கிடுறியள், தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

அத்தான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு சொன்னார்: "அண்ணி, பூரணிக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. பங்குனி உத்தரம் முடியட்டும்."

"அப்ப நீங்கள் வரேல்லையோ?"

"நான் வெளிக்கிட்டால் அவவுக்குத் தெரிஞ்சு போம்."

அண்ணி தொலைபேசியை வைத்துவிட்டார். அது 2013ஆம் ஆண்டு பங்குனி மாதம்.

சொந்த அண்ணனின் செத்த வீட்டுக்குப் போகாத மனிதர் என்று பரிஸில் எங்கள் ஆக்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் அத்தானைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மை. அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை அவர் யாருக்கும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கான நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்கா என்னைக் கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

அத்தான் சண்டிலிப்பாயில் பிறந்தவர். பரிஸுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஒரே உணவகத்தின் குசினியில் நின்றார். கோப்பை கழுவத் தொடங்கி, சோஸ் காய்ச்சும் இடத்துக்கு வந்தவர். அக்காவைக் கட்டி, பியர்ஃபித் புறநகரில் ஆறாம் மாடியில் குடியிருந்தார். ஒரே மகன் கலைமாறன். அந்தக் காணியை அவர் வாங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். நகருக்கு வடக்கே ஓய்ஸ் பக்கம், சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவில், வீடு கட்ட அனுமதியில்லாத ஒரு துண்டு மரக்காடு. "ஆறாம் மாடியில நிண்டால் கால் நிலத்தில படுகுதில்லை" என்பது அவர் சொன்ன காரணம்.

அடுத்த இலையுதிர் காலம் தம்பிராசா அண்ணை கனடாவிலிருந்து வந்து அந்தக் காட்டுக்குள் நின்று ஒரு சருகை எடுத்துப் பார்த்தார்.

"டேய் தவம், இது எங்கட கனடாக் கொடியில இருக்கிற இலையல்லோ! நீ மேப்பிள் தோட்டத்தை வாங்கி வைச்சுக்கொண்டு கடையில பாணி வாங்கிறியே?"

அது கனடாவின் சீனி மேப்பிள் அல்ல. அதன் ஐரோப்பிய உறவு, இனிப்புக் குறைவு. எழுபது லீற்றர் மரச்சாறு வற்றினால் ஒரு லீற்றர் இனிப்புப் பாகு, அந்தப் பாணி, தேறும். ஆனாலும் தம்பிராசா அண்ணை திரும்பிப் போய், மரத்தில் அடிக்கும் குழாய்களை ஒரு பொதியாக அனுப்பிவைத்தார். இரவு உறைந்து பகல் இளகும் நாள்களில் மரத்தில் துளை போட்டுக் குழாயை அடித்து, சாறு பிடிக்கக் கான் என்ற கலத்தைத் தொங்கவிட வேண்டும். அண்ணன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அத்தான் செய்தார். சாறு சொட்டியதும், "அண்ணை, மரம் அழுகுது!" என்று கத்தினார்.

அந்த மாரிக் குளிரில்தான் கலைமாறனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று கண்டுபிடித்தார்கள். பதினேழு வயது. திங்கள், புதன், வெள்ளி இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். தாயினதும் தகப்பனதும் சிறுநீரகம் பொருந்தவில்லை. அக்கா முருகனுக்கு நேர்த்தி வைத்தார். எங்கள் சொந்தக் காணி மரத்துப் பாணியில், மூன்று பங்குனி உத்தரத்துக்குப் பஞ்சாமிர்தம். தொடர்ந்து மூன்று. இரண்டு முடிந்திருந்தன. மூன்றாவதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி.

எங்கள் ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரித்துக்காரர், நெருங்கிய சொந்தம், செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயில் படி மிதிக்கக்கூடாது, கோயிலுக்கு ஒன்றும் சமைக்கக்கூடாது. தம்பிராசா அண்ணை அத்தானின் கூடப்பிறந்தவர். செய்தி தெரிந்தால் அத்தான், அக்கா, கலைமாறன் மூவருக்கும் துடக்கு. ஆனால் அத்தான் வீதியில் நின்று ஒரு கணக்குப் போட்டார். துடக்கு காதால் கேட்டவனுக்குத்தான். கேளாதவர்களுக்கு இல்லை. ஆகவே கேட்ட தான் ஒருவன் தள்ளி நின்றால், காய்ச்சும் பாணி சுத்தமாகத்தான் இருக்கும்.

அன்று காலை அவர் காணிக்குள் வந்தபோது தலை நனைந்திருந்தது. வயல் ஓரத்துத் தண்ணீர்ப் பீலியில், உறைபனிக்குள் தலை முழுகியிருக்கிறார். எங்களுக்கு அது விளங்கவில்லை.

"இந்தக் குளிருக்க என்ன விசர் வேலை?" என்றார் அக்கா.

"தலையிடிச்சது."

அதன் பிறகு அவர் அடுப்புக் கரைக்கு வரவில்லை. வேறு நாள்களில் பாணி காய்ச்சும் அந்த அகலத் தட்டத்தைப் பிறர் தொடவும் விடமாட்டார். உணவகத்தில் கழித்துவிட்ட உருக்குத் தட்டம் அது. நுரை பொங்கினால் ஒரு சொட்டு நெய் விடுவது, கொதிக்கிற சத்தம் மாறுவதைக் கேட்டு விறகை இழுப்பது, துணியில் வடிப்பது எல்லாம் அவர்தான். இப்போது கூப்பிடு தூரத்தில் ஒரு மரக்குற்றியில் இருந்தார். சாற்றுக் கானை எடுத்துத் தாருங்கள் என்றால் கால் உளைகிறது என்றார். கொத்திய விறகைக்கூட எங்களிடம் தராமல் ஓரிடத்தில் போட்டுவிட்டுப் போனார். எங்களோடு சாப்பிடவுமில்லை. வயிறு சரியில்லையாம்.

"மூண்டாம் வருசம் அய்யா முதலாளியாகிட்டார்," என்று அக்கா அவருக்குக் கேட்கும்படி எனக்குச் சொன்னார். "மிருணா, பாத்தியே? கதிரை ஒண்டுதான் குறை."

கலைமாறன் போர்வைக்குள் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அளந்த தண்ணீர்தான். சிறுநீர் போவதே நின்றுவிட்டிருந்தது. கான் நிரம்புவதைப் பார்த்து, "சித்தி, இந்த மரம் எவ்வளவு விடுது பாருங்கோ. எனக்கு ஒரு சொட்டுக் கடன் தரச் சொல்லுங்கோ" என்றான். அக்கா சிரிக்கவில்லை. அத்தான் குற்றியிலிருந்து எழுந்து மரங்களுக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் தட்டத்தில் பாணி வற்றிக்கொண்டு வந்தது. அதன் பதம் அத்தானுக்குத்தான் தெரியும்.

"நுரை சின்னனாச்சோ?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"வந்து பாருங்கோவன்!"

"சத்தம் எப்பிடி? கரண்டியால தூக்கி விழுத்திப் பாரும். சொட்டாய் விழுகுதோ, படலமாய் விழுகுதோ?"

"எனக்கென்ன தெரியும்? புகையில கண்ணே தெரியேல்லை!"

"பப்பா, வியான்!" என்று கலைமாறன் கூப்பிட்டான். வாங்கோ என்று பிரெஞ்சில்.

அத்தான் இரண்டு அடி வந்தார். நின்றார். "விறகை இழு! மிருணா, விறகை இழு!" என்றார். நான் இழுப்பதற்குள் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. பிறகு மணம். மூன்று நாள் சாறு, எட்டு மரத்துச் சாறு, தட்டத்திலேயே எரிந்து போயிற்று.

அக்கா கரண்டியை எறிந்தார். அது அத்தானுக்கு முன்னால் விழுந்தது. அவர் அதைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

"என்ர பிள்ளை உங்களுக்கு வேண்டாமோ?" என்று கேட்டார் அக்கா.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய அண்ணனை ரொறன்ரோவில் தகனம் செய்த நாள் அது. நாங்கள் மணலும் சாம்பலும் போட்டுத் தட்டத்தை உரஞ்சிக்கொண்டிருந்தோம்.

உத்தரத்துக்கு ஒரு கிழமையே, ஏழே நாள், இருந்தது. அந்தக் கிழமை குளிர் விடவில்லை. இரவில் உறைந்து பகலில் இளகி, மரம் சாறு தந்தது. அக்கா தட்டத்தை விட்டு எழும்பவில்லை. இம்முறை சத்தம் மாறியதை அவரே கேட்டார். ஒரு கான், அரைக்கு மேல், தேன் நிறத்தில் பாணி. அத்தான் தூரத்தில் நின்று பார்த்து, "வடிவா வந்திருக்கு" என்றார்.

"உங்கட உதவியால," என்றார் அக்கா.

உத்தரத்தன்று அத்தான் கோயில் வாசலிலேயே எங்களை இறக்கிவிட நினைத்திருந்தார். லா ஷப்பலில் வீதி வேலைக்காக மறித்திருந்தார்கள். ஃபொபூர் சேன்-தெனி வீதியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அக்கா கானைக் கையில் எடுத்துக்கொண்டார். வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் என்னிடம். கலைமாறன் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"நீங்கள் வரேல்லையோ?"

"வானை ஆர் பாக்கிறது? பொலிஸ் நிக்குது."

"முருகனுக்கு நேத்தி, வானுக்குக் காவல்," என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தார். சிறிது தூரம் போய் நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் வானை அப்படியே விட்டுவிட்டு எதிர்ப்பக்க நடைபாதையில் எங்களுக்கு நேராக வந்துகொண்டிருந்தார். கடை வாசல்களில் நிற்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

லூயி-பிளாங் வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் மடுத்தீன் அண்ணை மரக்கறிப் பையோடு எதிரே வந்தார். நல்ல மனிதர். வேதக்காரர். கிறிஸ்தவரான அவருக்குத் துடக்கு ஒரு பொருட்டில்லை. அக்காவைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, கானைப் பிடித்திருந்த அக்காவின் கையையே இரண்டு கையாலும் பிடித்தார்.

எதிர்ப்பக்கத்தில் அத்தான் கையை உயர்த்தி, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். மடுத்தீன் அண்ணைக்கு அது முதுகுப்பக்கம்.

"தங்கச்சி, தம்பிராசாவைக் கேள்விப்பட்டு எனக்கு அண்டைக்கு முழுக்கச் சாப்பாடில்லை. என்ன வயசு அவனுக்கு?"

அக்கா "எப்ப, அண்ணை?" என்று கேட்டார்.

"பத்து நாளாச்சு. அய்யோ, உங்களுக்குத் தெரியாதோ?"

அத்தான் கார்களுக்கு நடுவே கடந்து வந்து சேர்ந்தார். அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நனைந்த தலை, தவிர்த்த சாப்பாடு, கரண்டி எல்லாம் அந்தப் பார்வையில் ஒன்றாய்ச் சேர்ந்ததை நான் கண்டேன்.

"நீங்கள் ஒண்டையும் தொடேல்லை," என்றார்.

"ஒரு சொட்டும் தொடேல்லை, பூரணி. நீர்தானே கண்டனீர். பாணி சுத்தம்."

"நான் தொட்டுக்கொண்டு நிக்கிறன்."

கான் இன்னும் அக்காவின் கையில் இருந்தது.

"நீர் கேட்கேல்லை எண்டு போம்," என்றார் அத்தான். அவருடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "பாலத்துக்குக் கீழால போனால் கோயில். கேட்கேல்லை எண்டு போம், பூரணி. பிள்ளைக்காக."

"முருகனுக்குக் கேட்டிருக்கும்."

நான் கொண்டு போகிறேன் என்றேன். எனக்குத் துடக்கில்லை. அக்கா தலையை ஆட்டினார். நேர்த்தி தன்னுடையது என்றார். மெத்ரோ ரயில் ஒன்று பாலத்தின்மேல் போகும்வரை அங்கேயே நின்றோம். பிறகு அக்கா வான் பக்கம் திரும்பி நடந்தார். மடுத்தீன் அண்ணை எங்களுக்குப் பின்னால் வந்து, "நான் என்ன பிழை விட்டனான், தவம்? சொல்லுமன்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தான் அவருடைய தோளில் கை வைத்தார். பத்து நாளில் அவர் ஓர் ஆளைத் தொட்டது அப்போதுதான்.

வானுக்குள் அக்கா அழுதார். தம்பிராசா அண்ணைக்காக அழுகிறாரா, மகனுக்காக அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை. அத்தானும் அழுதார். அவருக்கு அன்றுதான் அழ முடிந்தது.

விட்ட மூன்றாவதை அடுத்த உத்தரத்தில் செய்தால் போதும் என்று குருக்கள் சொன்னார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கானை எறியவும் இல்லை, திறக்கவும் இல்லை. அடுக்குமாடியின் நிலவறையில் கிடந்து பூஞ்சணம் பிடித்தது. அண்ணி சிவனேஸ்வரி அத்தானோடு பிறகு பேசவேயில்லை. அடுத்த மாரியில் உறைபனியே விழவில்லை. மாதக் கணக்கில் மழைதான். அத்தான் கிழமைக்குக் கிழமை போய்த் துளை போட்டுப் பார்த்தார். மரம் ஒன்றும் தரவில்லை. கலைமாறன் திங்கள், புதன், வெள்ளி போய்வந்தான். ஒரு முறை மருத்துவமனை அழைத்தது. போனபோது, இன்னொருவருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த வருடம் பங்குனி முதற்கிழமை இரவில் உறைந்தது. அத்தான் விடியற்காலையிலேயே தனியாகப் போனார். நானும் அக்காவும் மத்தியானம் தட்டத்தோடு போனோம். அவர் மரத்தடியில் சரிந்து கிடந்தார். துளையிடும் கருவி மடியில் இருந்தது. அண்ணனைப் போலவே நெஞ்சுதான்; அவசர அழைப்புக்குத் தீயணைப்புப் படையோடு வந்த வைத்தியர் சொன்னார்.

அக்கா அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உத்தரம் எப்ப?" என்று கேட்டார்.

சொன்னேன். துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாளுக்கு நான்கு நாள் முன்னால் வருகிறது.

அக்கா அந்த ஈர மண்ணில் அப்படியே குந்திவிட்டார்.

அத்தான் நான்கு மரங்களில் குழாய் அடித்துக் கான் தொங்கவிட்டிருந்தார். ஐந்தாவது மரத்தில் துளை போட்டிருக்கிறது. குழாய் அடிக்கவில்லை.