கென்ஜியின் ஒரு பிடி மண்

கென்ஜி ஜப்பான்காரர். விழிஞ்ஞம் துறைமுகத்தில் என்ஜினீயர். ஸ்ரீவராகத்தில் எங்கள் மாடியில் குடியிருந்தார். தமிழ் எங்களிடம் கற்றது.

ஆயுத பூஜைக்கு அவர் அறையையும் நானே சுத்தம் செய்தேன். மேஜையில் ஒரு சின்னக் குப்பியில் கறுப்பு மண் இருந்தது. அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டி, குப்பியைப் பளபளவென்று கழுவி வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் காலிக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மாமி, ஸ்கூல்ல கடைசி வருஷம் பெரிய பேஸ்பால் போட்டியில தோத்தோம். தோத்தவா அந்த கிரவுண்ட் மண்ணை அழுதுண்டே அள்ளிண்டு வருவா. இது அந்த மண்."

எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டியைக் கிளறினேன். எல்லாம் ஒரே மண்ணாகத் தெரிந்தது.

"மன்னிச்சுடுங்கோ கென்ஜி."

"சாரமில்ல மாமி, பரவால்ல" என்று மலையாளமும் தமிழுமாய்த் தேற்றிவிட்டு, செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் தினமும் ஊற்றினார்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று, அதே தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் குப்பியில் அடைத்துக்கொண்டார்.

"தோத்தாதானே மண் எடுப்பேள்? இங்க நீங்க தோக்கலையே?"

"போறேனே மாமி" என்றார். கண் கலங்கியிருந்தது.

இப்போதெல்லாம் குழம்புக்கு நாலு இலை கிள்ளுவதற்குமுன், மனசுக்குள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு மண்ணைக் கொட்டுமுன் கேட்காமல் விட்டதை.